பழைய சிறு விமானம் வாங்கும் முன்: அறிகுறியைப் பிடித்துக் கோளாறுக்குப் போகும் வழி

கோத்தகிரியில் விமான ஓடுதளம் இல்லை. நீலகிரி மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஹெலிகாப்டர் இறங்கும் இடம்தான் கிடைக்கும். அப்படியிருக்க, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன் ஒரு நவம்பர் சாயங்காலம் மழைக்கோட்டு சொட்டச் சொட்ட என் வீட்டுத் திண்ணையில் வந்து நின்றான். "மாமா, ஒரு செஸ்னா 172 விலைக்கு வருது. என்ஜின் 410 மணி நேரம்தான் ஓடியிருக்கு. கூட வந்து பார்க்கிறீங்களா?"

பையனிடம் தனியார் விமானி உரிமம் இருக்கிறது. வாரக் கடைசியில் கீழே சமவெளிக்குப் போய் வாடகை விமானம் ஓட்டி அலுத்துவிட்டான். நானோ விமானப் பராமரிப்புப் பொறியாளராக, ஹேங்கர் (விமானக் கொட்டகை) பேச்சில் சொன்னால் ஏ.எம்.இ.யாக, காலம் தள்ளிவிட்டு மலையேறியவன். ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "410 மணி நேரம் எத்தனை வருஷத்துல?"

போனில் இருந்த லாக்புக் (பராமரிப்புப் பதிவேடு) படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். என்ஜினைக் கடைசியாகப் பிரித்துக் கட்டியது 2003-இல். இருபது வருஷத்துக்கும் மேல்.

"அப்ப முதல்ல காபி குடி," என்றேன்.

அன்றைக்கு அவனுக்கும், அதற்கப்புறம் கேட்டுவந்த இன்னும் இரண்டு பேருக்கும் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கண்ணில் படும் அறிகுறி ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் என்ன இருக்கலாம், எப்படி உறுதி செய்வது என்று போகும் வழி இது. விலைக்கு வருவதில் பெரும்பாலானவை செஸ்னா 150, 152, 172, பைப்பர் பி.ஏ.-28 என்பதால் அவற்றை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்ப்பது முதல் வடிகட்டல்தான். கையெழுத்துப் போடும் முன் பிஸ்டன் என்ஜின் விமானத்துக்கான பி1.2 உரிமம் உள்ள ஏ.எம்.இ. ஒருவர் அதைத் திறந்து பார்க்க வேண்டும். அவர் விற்பவரின் ஆளாக இருக்கக் கூடாது.

அறிகுறி: என்ஜின் மணிக்கணக்கு ஆசை காட்டும் அளவுக்குக் குறைவு

எல்லாரும் ஏமாறும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

172-இல் வரும் லைக்கமிங் ஓ-320 என்ஜினைப் பிரித்துக் கட்டுவதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் கெடு 2000 மணி நேரம். விளம்பரத்தில் அந்தப் பாதியைத்தான் போடுவார்கள். மறுபாதி: அல்லது 12 வருஷம், எது முந்துகிறதோ அது. மணிக்கணக்கு மிச்சமிருந்தாலும் நாள்கணக்கு தீர்ந்திருக்கும்.

காரணம் துரு. லைக்கமிங் என்ஜினில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுற்றும் கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. என்ஜின் நின்றதும் அதன் மேல் படிந்த எண்ணெய் மெதுவாகக் கீழே வடிந்துவிடும். மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் கேமின் மேடுகள் வெறும் இரும்பாக ஈரக்காற்றில் நிற்கும். புள்ளிப் புள்ளியாகத் துரு பிடிக்கும். மறுபடி ஓட்டும்போது அந்தப் புள்ளிகள், கேம் தள்ளும் டேப்பெட்டின் முகத்தைச் சுரண்டும், அது செதில் செதிலாக உரியும், உரிந்த இரும்புத்தூள் எண்ணெயோடு என்ஜின் முழுக்கச் சுற்றும். செஸ்னா 150-இல் வரும் கான்டினென்டல் ஓ-200-இல் கேம் கீழே இருக்கிறது, எண்ணெய்க்கு அருகில். அதனால் இந்தத் தொல்லை அதில் கொஞ்சம் குறைவு. 1977 முதல் 1980 வரை வந்த 172என் மாடல்களில் இருக்கும் ஓ-320-ஹெச்2ஏடி என்ஜினுக்குக் கேம், டேப்பெட் விஷயத்தில் கெட்ட பெயர் உண்டு. அந்த எழுத்துகளை என்ஜின் தகட்டில் பார்த்தால் கூடுதல் கவனம் தேவை.

மலையில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஜூன் முதல் செப்டம்பர் வரை எஸ்டேட் ஷெட்டில் படுத்துக் கிடந்த ஜீப்பையும், அதே மழையில் தினமும் இலை ஏற்றி ஃபேக்டரிக்கு ஓடிய ஜீப்பையும் பக்கத்தில் நிறுத்தினால் எதை வாங்குவீர்கள்? மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயிலுக்குச் சுவிட்சர்லாந்தில் செய்த நீராவி என்ஜின்கள் வந்து நூறு வருஷம் தாண்டியாயிற்று. கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் அந்தக் கிழங்களைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஓடுகின்றன, குன்னூர் ஷெட்டில் ஆள் பார்க்கிறார்கள்.

"மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிடுவோம்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எரிபொருள் எரிந்தால் நீராவி உண்டாகும். பத்து நிமிஷத்தில் எண்ணெய் அந்த ஈரத்தை விரட்டும் அளவுக்குச் சூடேறாது. எண்ணெய் குறைந்தது 165 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டு ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும் என்பதே லைக்கமிங்கின் அறிவுரை. தரையில் சும்மா ஓடவிடுவது உள்ளே ஈரம் சேர்க்கும் வேலை.

எப்படி உறுதி செய்வது? ஆயில் ஃபில்டரைக் கழற்றச் சொல்லி, அதற்கென்று உள்ள வெட்டியால் வெட்டுங்கள். ரம்பத்தால் அறுத்தால் ரம்பத்தூளே உள்ளே விழுந்து உங்களைக் குழப்பும். மடிப்புக் காகிதத்தை விரித்து, எண்ணெயைப் பிழிந்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மினுங்கும் தூளுக்கு அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் ஒட்டுவது இரும்பு. கேம், டேப்பெட், சிலிண்டர் சுவர், பிஸ்டன் ரிங் என்று தேட வேண்டும். ஒட்டாத வெள்ளைப் பொடி அலுமினியம், பிஸ்டன் பக்கம் சந்தேகம். மஞ்சள் சாயல் என்றால் வெண்கலப் புஷ். ஃபில்டர் இல்லாத பழைய என்ஜினாக இருந்தால் ஆயில் சம்ப்பின் (அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) வலையைக் கழற்றிப் பார்க்கலாம். ஓரிரண்டு துணுக்குகள் எந்த என்ஜினிலும் இருக்கும். ஒரு சிட்டிகைக்கு மேல் இரும்புத்தூள் என்றால் அந்த விமானத்தை என்ஜின் இல்லாத விமானமாக எண்ணி விலை பேசுங்கள், அல்லது கிளம்புங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு சிலிண்டரைக் கழற்றி அந்த ஓட்டை வழியே கேமை நேரடியாகப் பார்க்கலாம். விற்பவர் முகம் சுளிப்பார். செலவை நான் ஏற்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் சுளித்தால் பதில் கிடைத்துவிட்டது.

அறிகுறி: நீங்கள் போய்ச் சேரும்போதே என்ஜின் சூடாக இருக்கிறது

"இப்பத்தான் ஒரு சுத்து ஓட்டிப் பார்த்தோம் சார்." பழைய பைக் விற்பவரும் இதைத்தான் சொல்வார். கவுலிங்கில், அதாவது என்ஜின் மூடியில், கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ குடித்து, சாப்பிட்டு, மறுநாள் காலை வாருங்கள்.

குளிர்ந்த என்ஜின் மட்டுமே காட்டிக்கொடுக்கும் நோய் ஒன்று உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் வேலை செய்யாததுபோல் குலுங்கும். ஒரு நிமிஷத்தில் தானாகச் சரியாகி வழவழவென்று ஓடும். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு, கரி படிந்த தன் குழலுக்குள் சிக்கிச் சிக்கி நகர்வதன் அடையாளம் இது. இன்றைக்கு ஒரு நிமிஷத்தில் விடுகிற வால்வு, ஒருநாள் பறக்கும்போது விடாமல் நின்றால் புஷ்ராடு வளையும், வால்வு ஒடியவும் கூடும். சரிசெய்ய முடியாத நோய் அல்ல, குழலைத் துருவிச் சுத்தம் செய்யலாம். ஆனால் விற்பவர் அதை மறைக்க என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தார் என்றால், வேறு என்னென்ன மறைத்தாரோ என்ற கேள்வி வரும்.

அறிகுறி: கம்ப்ரஷன் சோதனையில் ஒரு சிலிண்டர் மட்டும் இறங்கியிருக்கிறது

விமான என்ஜினுக்குக் கம்ப்ரஷன் பார்க்கும் முறை கார் மெக்கானிக் பார்ப்பதுபோல் அல்ல. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, சிலிண்டருக்குள் 80 பி.எஸ்.ஐ. காற்றை விட்டு, எவ்வளவு தங்குகிறது என்று இரண்டாவது மீட்டரில் படிப்பார்கள். அதனால்தான் லாக்புக்கில் 74/80, 72/80 என்று எழுதியிருக்கும். நாலு சிலிண்டரும் 70-க்கு மேல், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பதினைந்துக்கு மேல் இறங்கியிருந்தால் காரணம் தெரியாமல் நகரக் கூடாது. சோதிக்கும்போது புரொப்பெல்லரைப் பிடித்துக்கொள்ளப் பழகிய ஆள் வேண்டும். அந்தக் காற்றழுத்தம் பிளேடைச் சுழற்றிவிட்டால் கையை முறித்துவிடும்.

எண்ணைவிடக் காதுக்குத்தான் இங்கே அதிக வேலை. காற்று எங்கே கசிகிறது என்று கேளுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் 'ஸ்ஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ரிங் வழிக் கசிவு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் பறந்து வந்து மறுபடி பார்த்தால் எண் ஏறியிருப்பதும் உண்டு. எக்ஸாஸ்ட் வால்வில் கசிந்தால் நான் விடமாட்டேன். பிளக் ஓட்டை வழியே போரஸ்கோப்பை (குழல் கேமரா) விட்டுப் பார்க்க வேண்டும். நல்ல வால்வின் முகத்தில் நிறம் நடுவிலிருந்து வட்டம் வட்டமாகச் சமமாகப் பரவியிருக்கும். எரியத் தொடங்கிய வால்வில் ஓர் ஓரத்தில் மட்டும் பிறை மாதிரி நிறம் மாறியிருக்கும். அந்தப் பிறையைப் பார்த்தால் சிலிண்டர் கழற்றும் செலவை விலையில் கழித்துவிடுங்கள்.

அறிகுறி: மேக்னெட்டோவை ஒவ்வொன்றாக அணைத்தால் ஆர்.பி.எம். அதிகம் விழுகிறது, அல்லது விழவே இல்லை

விமான என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், அவற்றுக்குப் பொறி தர என்ஜினுக்கு இரண்டு மேக்னெட்டோ. ஒன்று செத்தாலும் இன்னொன்று வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பழைய 172-இன் கையேட்டுப்படி 1700 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். 125-க்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வித்தியாசம் கூடாது. மற்ற மாடல்களுக்கு அதனதன் கையேடு.

நிறைய விழுந்து, கூடவே குலுங்கினால் பெரும்பாலும் ஒரு பிளக்கில் ஈயம் படிந்திருக்கும். 100எல்.எல். என்ற விமானப் பெட்ரோலில் ஈயம் உண்டு. பெட்ரோல்-காற்றுக் கலவையில் பெட்ரோலைக் குறைத்து, அதாவது மெலிதாக்கி, ஒரு நிமிஷம் ஓடவிட்டால் பல நேரம் எரிந்து போய்விடும். போனால் சந்தோஷம். குலுங்காமல் வழவழவென்று நிறைய விழுந்தால் அந்த மேக்னெட்டோவின் டைமிங் பின்தங்கியிருக்கலாம்.

பலர் கொண்டாடும் அறிகுறி ஒன்று இருக்கிறது: "பாருங்க சார், கொஞ்சம்கூட விழலை!" கொஞ்சமாவது விழ வேண்டும். விழவே இல்லை என்றால், நீங்கள் சாவியைத் திருப்பியும் அந்த மேக்னெட்டோ அணையவில்லை என்று பொருள். அதை அணைக்கும் பி-லீட் ஒயர் அறுந்திருக்கும். அப்படியானால் சாவி பையில் இருக்கும்போதே யாராவது புரொப்பெல்லரைக் கையால் தள்ளினால் என்ஜின் ஸ்டார்ட் ஆகிச் சுற்றலாம். இந்தக் காரணத்தால்தான் விமானத்தைச் சுற்றி வரும்போது பிளேடைத் தொடாதே என்று புதிதாக வரும் பையன்களிடம் கத்துவேன். என்ஜினை நிறுத்தும் முன் ஐட்லில் வைத்துச் சாவியை ஒரு கணம் ஆஃப் பக்கம் திருப்புங்கள். என்ஜின் அடங்கத் தொடங்க வேண்டும்.

அதே ஓட்டத்தில், கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்புரேட்டர் ஹீட்டையும் இழுத்துப் பாருங்கள். ஆர்.பி.எம். சற்று இறங்கவேண்டும். இறங்காவிட்டால் கேபிளோ உள்ளே இருக்கும் மடிப்புத் தகடோ போயிருக்கும். நம் பக்கத்து மேகத்தில் பறக்கப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வெளியே 15 டிகிரியும் ஈரக்காற்றுமாக இருக்கும்போதே கார்புரேட்டருக்குள் பனி உறையும். வெளியே பனி பெய்ய வேண்டியதில்லை.

அறிகுறி: கறை

விமானம் பொய் சொல்லாத இடம் அதன் வயிறு. படுத்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள், பழைய சட்டை போட்டுப் போங்கள்.

நீல நிறக் கறை என்றால் பெட்ரோல். 100எல்.எல்.லுக்கு நீலச் சாயம் போடுவதே அடையாளத்துக்குத்தான். இறக்கையின் அடியில் டாங்க் தையல் ஓரமாக, எரிபொருள் வால்வு பக்கமாக, மூக்குச் சக்கரத்துக்குப் பின்னால் ஸ்ட்ரெயினர் (எரிபொருள் வடிகட்டி) பக்கமாகத் தேடுங்கள். சிவப்பு எண்ணெய் ஹைட்ராலிக், பிரேக்கிலிருந்து வருகிறது. கறுப்பு எண்ணெய் கொஞ்சம் எல்லா வயிற்றிலும் இருக்கும்.

எக்ஸாஸ்ட் குழாய் இணைப்புகளில் சாம்பல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. அப்படியே மஃப்ளரையும் பார்த்துவிட வேண்டும். இந்த விமானங்களில் கேபினுக்கு வரும் கதகதப்பான காற்று, எக்ஸாஸ்ட்டின் மஃப்ளரைச் சுற்றிய உறையிலிருந்துதான் வருகிறது. மஃப்ளரில் விரிசல் இருந்தால் ஹீட்டரைத் திறந்ததும் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கினால் என்ன ஆகும் என்று ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உறையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

ரிவெட்டுகளைச் சுற்றிக் கறுப்பு வால் மாதிரி கோடு, காற்று போகும் திசையில் நீண்டிருக்கிறதா? அந்த ரிவெட் தளர்ந்து ஆடி, அலுமினியத்தை அரைத்த தூள் அது. 'புகைவிடும் ரிவெட்' என்பார்கள். ஒன்று இரண்டு பரவாயில்லை. இறக்கை அடியில் வரிசையாக இருந்தால் அந்த இறக்கை எதையோ தாங்கமுடியாமல் தாங்கியிருக்கிறது.

வயிறு பளபளவென்று கழுவித் துடைத்திருந்தால்? துடைத்தவரைத் திட்ட வேண்டாம், நானும் விற்கும் முன் துடைப்பேன். அரை மணி நேரம் பறந்துவிட்டு வந்து மறுபடி படுத்துப் பாருங்கள். புதிதாக வருவதுதான் உண்மையான கறை.

அறிகுறி: பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் மேடு

அலுமினியத்தின் துரு சிவப்பாக இருக்காது. வெள்ளைப் பொடியாக வரும், அல்லது பெயின்ட்டுக்கு அடியில் நூல் நூலாக ஊர்ந்து மேடு கட்டும். கடற்கரை ஊரில் வெளியே நிறுத்தியிருந்த விமானத்தில் இது சகஜம். எங்கே நிறுத்தியிருந்தார்கள் என்பதை லாக்புக்கில் கையெழுத்துப் போட்ட ஊர்களிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மேல்தோலில் உள்ளதைச் சுரண்டிச் சரிசெய்யலாம். இறக்கையைத் தாங்கும் ஸ்பாரில் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எல்லா ஆய்வு மூடிகளையும் திறந்து கண்ணாடியும் டார்ச்சுமாகப் பார்க்க வேண்டும். எலிக்கூடு கிடைத்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். எலி மூத்திரம் அலுமினியத்தை அரிக்கும்.

இந்த மூடிகளைத் திறந்த கையோடு கட்டுப்பாட்டுக் கேபிள்களில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றி இழுங்கள். அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். வெறுங்கையால் இழுத்தால் விரலில் மாட்டும், நான் ஒருமுறை பட்டிருக்கிறேன்.

பைப்பர் பி.ஏ.-28 வாங்குகிறீர்கள் என்றால் ஸ்பாருக்குத் தனிக் கதை உண்டு. 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் டேட்டோனா பீச் அருகே அந்தக் குடும்பத்துப் பயிற்சி விமானம் ஒன்றின் இடது இறக்கை பறக்கும்போதே பிய்ந்து, உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். ஸ்பாரின் அடிப்பகுதியில் போல்ட் ஓட்டை ஓரமாகக் களைப்பு விரிசல். அதன் பிறகு, பயிற்சியில் நிறைய அடிபட்ட விமானங்களுக்கு அந்த ஓட்டைகளை எடி கரன்ட் என்ற மின்சோதனைக் கருவியால் சோதிக்கும் ஆணை வந்தது. சோதித்த பதிவு லாக்புக்கில் இருக்கிறதா, அல்லது உங்கள் விமானத்துக்கு அது பொருந்தாது என்ற கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அறிகுறி: தரையில் ஓடும்போது மூக்குச் சக்கரம் படபடவென்று நடுங்குகிறது

சக்கரத்தின் சமநிலை, நடுக்கம் தாங்கும் டாம்பர், டார்க் லிங்க்கின் புஷ்கள் என்று மலிவான காரணங்களே அதிகம். மலிவான காரணம் என்று முடிவு கட்டும் முன், என்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகடான ஃபயர்வாலைப் பாருங்கள். செஸ்னாவை மூக்கில் அடித்து இறக்கினால் அந்த அடி ஃபயர்வாலுக்கும் அதை ஒட்டிய தரைத்தகட்டுக்கும் போகும். தகட்டில் சுருக்கம், மற்ற இடத்து ரிவெட்டோடு பொருந்தாத புது ரிவெட், ஒரு பக்கம் மட்டும் வேறு சாயல் பெயின்ட் – இவை கண்ணில் பட்டால் லாக்புக்கில் அதற்கான பழுதுபார்ப்புப் பதிவைத் தேடுங்கள். பதிவு இருந்தால் பேசலாம். உலோகம் ஒன்று சொல்லி ஏடு சும்மா இருந்தால் நான் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

மூக்கில் இறங்கிய விமானத்தில் அடுத்த சந்தேகம் புரொப்பெல்லர் தரையைத் தொட்டதா என்பது. பிளேடு நுனிகள் ஒரே பாதையில் சுற்றுகின்றனவா என்று ஒரு குச்சியைத் தரையில் நட்டுப் பார்க்கலாம். அதற்கு முன் மேக்னெட்டோ அணைந்ததை உறுதி செய்து, மேல் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். இரண்டு பிளேடையும் சமமாக வெட்டிச் சிறிதாக்கி மறைத்த வேலையும் உண்டு. மொத்த விட்டத்தை அளந்து, கையேட்டின் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். லைக்கமிங் என்ஜினில் புரொப்பெல்லர் எதிலாவது மோதினால் கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்கக் கியரையும் அதன் போல்ட்டையும் திறந்து சோதிக்க வேண்டும் என்பது கட்டாய ஆணை. புரொப்பெல்லரை மட்டும் மாற்றிய பதிவும், கியரைப் பற்றி மௌனமும் சேர்ந்திருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

அறிகுறி: இருக்கை தண்டவாளத்தில் ஆடுகிறது

செஸ்னா இருக்கை ஒரு தண்டவாளத்தில் நகரும். ஊசி ஓட்டையில் விழுந்து பூட்டிக்கொள்ளும். வருஷக்கணக்கில் ஓட்டைகள் தேய்ந்து நீள்வட்டமானால் பூட்டு நழுவும். ஓடுதளத்தில் மூக்கைத் தூக்கும் நேரத்தில் விமானி இருக்கையோடு பின்னால் சறுக்கி, பிடித்திருந்த கட்டுப்பாட்டையும் கூடவே இழுத்துவிட்ட விபத்துகள் நடந்திருக்கின்றன. தண்டவாளத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளக்கும் ஆணை இருக்கிறது. மலிவான பொருள்தான், மாற்றிவிடலாம். மாற்றாமல் பறக்காதீர்கள்.

அறிகுறி: நேராகப் பறக்காமல் ஒரு பக்கம் இழுக்கிறது, ஏற மறுக்கிறது

சோதனைப் பறப்பில் சமமாகப் பறக்கும்போது கையை விட்டுப் பாருங்கள். லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால் சரிசெய்ய வழி இருக்கிறது. பல செஸ்னாக்களில் இறக்கையின் பின் இணைப்பில் மையம் விலகிய புஷ்ஷைத் திருப்பி இறக்கைக் கோணத்தைச் சிறிது மாற்றலாம். அந்தப் புஷ் ஏற்கெனவே கடைசிவரை திருப்பப்பட்டிருந்து, இன்னும் இழுத்தால் இறக்கை வளைந்து நிமிர்ந்த வரலாறு இருக்கலாம்.

ஏற்றத்தைப் பற்றி மலைக்காரர்களிடம் ஒரு வார்த்தை. ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரமாகிறது. அதே மெலிந்த காற்றைத்தான் என்ஜினும் குடிக்கிறது. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் மூன்று சதவீதச் சக்தியை இழக்கும். கோயம்புத்தூர் விமான நிலையம் சுமார் 1300 அடியில் இருக்கிறது, தொட்டபெட்டா 2637 மீட்டர், அதாவது 8650 அடி. கீழே ஒரு வட்டம் அடித்துப் பார்த்துவிட்டு நன்றாக ஏறுகிறது என்று சொல்லாதீர்கள். அனுமதி வாங்கி, ஓர் ஏ.எம்.இ.யோடும் நல்ல விமானியோடும், மலையை விட்டு விலகிச் சமவெளிக்கு மேலேயே 8000 அடி வரை ஏறுங்கள். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் எத்தனை நிமிஷம், எண்ணெய்ச் சூடு எவ்வளவு என்று குறித்து, கையேட்டின் ஏற்ற அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கலவையை மெலிதாக்க மறக்காதீர்கள். மறந்தால் கீழே டியூன் செய்த ஜீப் பர்லியார் தாண்டிக் கறுப்புப் புகை கக்குவதுபோல் ஆகும், குற்றம் விமானத்தின் மேல் விழும். அட்டவணையைவிட நிறையப் பின்தங்கினால் சோம்பிய என்ஜின், தவறான பிட்ச் (பிளேடு சாய்வு) உள்ள புரொப்பெல்லர், இல்லாவிட்டால் பழையதைச் சுரண்டாமல் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து ஏறிய எடை. எடையைத் தராசில் போட்டுக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

வேகமானி ஓடும்போதே அசையாவிட்டால் பயப்பட வேண்டாம், முதலில் வேகமானிக்குக் காற்று போகும் பிடோ குழாயில் குளவிக்கூடு இருக்கிறதா பாருங்கள்.

அறிகுறி: காகிதத்தில் ஓட்டை

ஏர்ஃப்ரேம் (விமானத்தின் உடல்), என்ஜின், புரொப்பெல்லர் மூன்றுக்கும் தனித்தனி லாக்புக் வேண்டும், முதல் நாளிலிருந்து. "தொலைந்துவிட்டது" என்ற வார்த்தை வந்தால் விலையில் பெரிய துண்டு விழ வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஏ.ஆர்.சி. (பறக்கும் தகுதி ஆய்வுச் சான்று) கையில் இருக்கிறதா, வி.டி. என்று தொடங்கும் பதிவுச் சான்றில் வங்கிக் கடன் குறிப்பு ஏதும் இருக்கிறதா, ரேடியோவுக்கு உரிமம் இருக்கிறதா என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் கோப்பு தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். கடன் உள்ள விமானத்தை வாங்கி, பறக்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல் பார்க்கிங் கட்டணம் மட்டும் கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

சரி, பையன் கதை. அவன் காட்டிய விமானத்தின் ஆயில் ஃபில்டரை வெட்டி, அங்கேயே ஹேங்கர் மேஜையில் ஒரு தினத்தாளில் விரித்தோம். என் பழைய காந்தத்தைக் கொண்டுபோனதும் மடிப்புகளிலிருந்து இரும்புத்தூள் முள்ளம்பன்றி மாதிரி எழுந்து ஒட்டியது. விற்பவரே கொஞ்ச நேரம் பேசவில்லை. அவரும் அறியாமல்தான் இருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆறு மாதம் கழித்து அவன் வாங்கியது ஒரு பயிற்சிப் பள்ளி தள்ளிவிட்ட 172. பெயின்ட் மங்கியிருக்கிறது, இருக்கை கிழிந்திருக்கிறது, என்ஜின் 1500 மணி நேரம் தாண்டிவிட்டது. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் பறந்த விமானம், மணிக்கணக்கு தவறாமல் திறந்து பார்த்த பதிவு. மூக்குச் சக்கரத்தை மட்டும் இரண்டு மணி நேரம் பார்த்தேன், மாணவர்கள் இறக்கிய விமானம் அல்லவா. சோதனைப் பறப்பு முடிந்து வயிற்றுக்கு அடியில் படுத்தபோது ஸ்ட்ரெயினருக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு நீலக் கோடு. கையால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, "ஓ-ரிங் மாத்தச் சொல்லு, அப்புறம் பணத்தைக் குடு," என்றேன்.